ஆப்ல பச்சை, நம்ம ஊருக்கு மஞ்சள்: பி.எம்.ஐ. கணக்கு

ஃபோன்ல ஏதாவது ஒரு பி.எம்.ஐ. ஆப்பைத் திறங்க. உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோன்னு கொடுங்க. பல ஆப்கள் 24.2னு காட்டி, பச்சைக் கலர்ல ‘நார்மல்’னு சொல்லும். நீங்களும் நிம்மதியா இன்னொரு பரோட்டா சொல்லிடுவீங்க. ஆனா அந்தப் பச்சை நமக்காகப் போட்டது இல்லை.

முதல்ல கணக்கு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கணும்: 70 ÷ (1.7 × 1.7) = 24.2. செ.மீ.லயே போட்டு 0.0024 வாங்கினவங்களுக்கு யூனிட் மார்க் கட்!

உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்காக 2009ல் வந்த மருத்துவ வழிகாட்டுதலில் கோடு கீழே இறங்குது: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். 18.5க்குக் கீழே போனால் எடை குறைவு, அதுவும் நல்லதில்லை. 170 செ.மீ. உயரத்துக்கு 23ங்கிறது சுமார் 66 கிலோ. அப்போ நம்ம 70 கிலோ நண்பர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிட்டார்.

ஏன் நமக்கு மட்டும் தனிக் கோடு? சிவில் பசங்களுக்குத் தெரியும். காற்று வேகம் பெங்களூருக்கு 33 மீ/வி, சென்னைக்கு 50 மீ/வினு நம்ம கோட் சொல்லுது. பெங்களூர் டிசைனை அப்படியே எண்ணூர் கடற்கரையில் கட்ட முடியாது. உடம்பும் அப்படித்தான். 2004ல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டாங்க: புனேவின் யாஜ்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனா உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே எடையில் நமக்குத் தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. அது வயிற்றுக்குள்ள சேர்ந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது, சர்க்கரை நோய் சீக்கிரம் வரும்.

அதனால பி.எம்.ஐ. மட்டும் போதாது. தசை கொழுப்புன்னு அது பிரிச்சுப் பார்க்காது. வடசென்னை பாக்ஸர் ஒருத்தருக்கு 26 வரலாம், தொப்பையே இருக்காது. ஒரு டெய்லர் டேப் எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளங்க. வயித்தை உள்ள இழுக்காதீங்க! ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

சரி, தாண்டியிருந்தா? பயப்படாதீங்க, பட்டினியும் கிடக்காதீங்க. இதுக்குப் பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனி கிளினிக் தொடங்கியவர் மருத்துவர் எம். விஸ்வநாதன். 1954ல் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கிருந்து மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை மூணு வருஷம் கவனிச்சாங்க. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் குறைஞ்சது அரை மணி நேரம் வேகமா நடந்து, சாப்பாட்டை மாத்தினவங்கள்ல 39.3 சதவீதம்தான். இதுல கவனிக்க வேண்டியது: அவங்க எடை பெரிசா குறையவே இல்லை.

அதனால தராசு முள் அசையலைன்னு நடையை நிறுத்தாதீங்க. 23ஐத் தாண்டி, வீட்டுலயும் யாருக்காவது சுகர் இருந்தா, இந்த வயசுலயே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க. நண்பனைக் ‘குண்டா’னு கிண்டல் பண்றதை விட்டுட்டு, சாயந்திரம் அவனையும் கூட்டிக்கிட்டு திருவொற்றியூர் கடற்கரை ரோட்டுல ஒரு அரை மணி நேரம் நடங்க.