மீட்பு விலையைப் பெற்றவர் யார்?

படுவான்கரை விவசாயிக்கு ‘மீட்பு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பெரும்போக விதைப்புக்காக நகையை ஈடு வைத்து, அறுவடையின்பின் முதலும் வட்டியும் கட்டி மீட்பவன் அவன். யேசு தம் உயிரைப் பலருக்கு மீட்பு விலையாகக் கொடுக்க வந்தார் என்று மாற்கு நற்செய்தி (10:45) கூறும்போது, அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: அந்த விலையைப் பெற்றவர் யார்?

திருச்சபையில் இது பழைய கேள்வி. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன், பசாசுக்கே அது கொடுக்கப்பட்டதென எண்ணினார். அடுத்த நூற்றாண்டில் நாசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் இதை மறுத்தார்: கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா? ஈசாக்கின் பலியையே ஏற்காத தந்தை, தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா? பின்னர் புனித அன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய மகிமைக்கு மனிதனான இறைமகனே பரிகாரம் செய்தார் என விளக்கினார். புனித தோமஸ் அக்குவீனாஸ், அப்பரிகாரத்தின் நிறைவுக்குக் கிறிஸ்துவின் அன்பையே முதற் காரணமாக வைத்தார்.

இது நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் அப்பாவிப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். “மகனின் இரத்தத்தைக் கேட்ட கடவுள் எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தையும் கேட்டாரா?” என்று உறவிழந்தோர் வினவினால் நமது மறுமொழி என்ன? இல்லை என்பதே. அவர்கள் இறைவனுக்குப் பலியிடப்பட்டவர்கள் அல்லர்; கொலை செய்யப்பட்டவர்கள். அதைத் தேவசித்தம் என்று கூறி மூடி மறைக்கலாகாது. கல்வாரியிலும் கொன்றவர்களின் செயல் பாவமே. அம்மரணத்தைப் பலியாக்கியது, யேசு தாமாகவே தம்மைக் கையளித்த அன்பு (யோவான் 10:18).

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுதாரியை உள்ளே விடாது தடுத்த ஒரு தகப்பன் உயிர்நீத்தார். அவர் சாவை நாடவில்லை. உள்ளே இருந்தவர்களின் வாழ்வையே நாடினார். கிறிஸ்துவின் பலியும் அத்தகையதே. ஆனால் அவரது பலி பாவத்திலிருந்தும் நம்மை மீட்கிறது.

ஆகவே, விலையைப் பெற்றது பசாசுமன்று. இரத்தம் தேடும் தெய்வமுமன்று. நம்மை மீட்கக் கடவுள் தாமே ஏற்ற செலவு அது. நகை தன்னுடையது என்பதாலன்றோ விவசாயி வட்டி கட்டியும் மீட்கிறான்? நாமும் அவருடையவர்கள்.

திருப்பலியில் நாம் புதியதொரு பலியை ஒப்புக்கொடுப்பதில்லை. கல்வாரியின் அதே பலியில் பங்குகொள்கிறோம். வரும் ஞாயிறு காணிக்கை வேளையில் அப்பத்தோடும் இரசத்தோடும் எதை வைக்கப்போகிறோம்? பகைத்தவரோடு ஒப்புரவாகும் மனத்தையா? அயலவனின் துயரில் பங்குகொள்ளும் நேரத்தையா? மீட்கப்பட்டவர் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.