கைப்பேசி மாற்றமும் கடைக் கணக்கும்



கடையை ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு மாற்ற நினைக்கும் வியாபாரி முதலில் என்ன செய்வார்? உடனே லாரியை அழைத்துவிட மாட்டார். இருப்புச் சரக்கை எண்ணிச் சிட்டை எழுதுவார். எது வண்டியில் ஏறும், எது சுவரோடு பதிந்தது, எதைப் புதிய இடத்தில் மறுபடி வாங்க வேண்டும் என்று பிரித்து வைத்த பின்னரே ஆட்களைக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் தம் கைப்பேசியை மாற்றும்போது மட்டும், விற்பனைக் கடையில் நின்றபடியே பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். இக்காலத்தில் நம் வியாபாரத்தில் பாதி அந்தக் கைப்பேசிக்குள்ளேதான் இருக்கிறது. வாடிக்கைக்காரரின் ஆர்டர், மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல், பணம் கட்டிய சீட்டின் படம், பாங்கிக் கணக்கின் சாவி எல்லாம் அதில் அடக்கம். ஆகவே கைப்பேசி மாற்றுவதும் கடை மாற்றுவதைப் போன்றதே. அதை முறையோடு செய்வது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இரண்டு இயங்குதளங்கள்

கைப்பேசிகளை நடத்தும் அடிப்படை ஏற்பாட்டிற்கு இயங்குதளம் என்று பெயர். இன்று பெரும்பாலும் வழங்குவன இரண்டு. ஒன்று ஆப்பிள் கம்பெனியின் ஐ.ஓ.எஸ். இது 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோனோடு பிறந்தது. ஆப்பிள் கைப்பேசியில் மட்டுமே இருக்கும். மற்றொன்று கூகுளின் ஆண்ட்ராய்டு. இதில் இயங்கும் முதல் கைப்பேசி 2008ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. சாம்சங், ஓப்போ, விவோ, சியோமி முதலிய பல கம்பெனிகள் இதனைப் பயன்படுத்துகின்றன.

ஒரு சாம்சங்கை விட்டு இன்னொரு சாம்சங் வாங்குவது, ஒரே வீட்டுக்குள் அறை மாறுவது போன்றது. ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்குப் போவதோ வேறு ஊருக்குக் குடிபெயர்வது. ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்றின் சாவி சேராது. இதை உணராமையால்தான் பலருக்கு நஷ்டம் வருகிறது.

2. தானே வந்து சேரும் சரக்கு

கைப்பேசியில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை, அதிகக் கஷ்டமின்றி வந்து சேருவது. பெயர்களும் தொலைபேசி எண்களும், நாட்குறிப்பு, மின்னஞ்சல் ஆகியவை கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், ஐபோனிலும் அதே கணக்கைப் பதிந்தவுடன் அவை வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எண்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கலாம்: கூகுள் கணக்கில் சில, கைப்பேசியின் உள்ளே சில, சிம் அட்டையில் சில. பத்து வருஷத்துக்கு முன் சேமித்த கிட்டங்கிக்காரரின் எண் எங்கே இருக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? மாற்றுவதற்கு முன்னமேயே எல்லாவற்றையும் கூகுள் கணக்கில் ஒன்றுசேர்த்துவிடுவது நலம்.

தமிழில் எழுத முடியுமா என்று தயங்குவோரும் உண்டு. அந்தக் கவலை வேண்டியதில்லை. இரண்டு இயங்குதளங்களிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. நம் மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினமும் இரண்டிலும் கிடைக்கிறது.

3. கையால் தூக்கி வரவேண்டிய சரக்கு

இரண்டாவது வகையே மிக முக்கியமானது. அதுதான் வாட்ஸ்அப். அரிசி இரண்டு மூட்டை அனுப்பச் சொன்ன செய்தியும், பாக்கியில் இருநூறு வெள்ளி கட்டிய சீட்டின் படமும் அங்கேதான் இருக்கின்றன. "நானா, போன மாசமே அனுப்பிட்டேனே, ஸ்லிப்பு போட்டேனே" என்று வாடிக்கைக்காரர் சொன்னால், அதைப் பார்த்துச் சரி என்று சொல்ல அந்த உரையாடல் நம்மிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் போவது மட்டுமன்று. பல வருஷப் பழக்கமும் ஒரு சொல்லில் முறிந்துபோகும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பிரதியைக் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கிறது. ஐபோனிலோ ஆப்பிளின் ஐகிளவுடில் வைக்கிறது. "தினம் இரவு பிரதி எடுக்கிறதே, பயமென்ன?" என்று எண்ணிப் பழைய கைப்பேசியை அழித்துவிட்டால், கூகுளில் உள்ள பிரதியை ஐபோனில் நேராகத் திறக்க முடியாது. பெட்டி இருக்கும், சாவிதான் சேராது.

இதற்கென நேர்வழி 2022ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆப்பிள் கம்பெனி 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' என்னும் செயலியை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக 2015இலேயே வெளியிட்டது. வாட்ஸ்அப் உரையாடல்களையும் படங்களையும் அதன் வழியாகவே இப்போது கொண்டுபோகலாம். ஆனால் நிபந்தனைகள் சில:

அ. ஐபோன் புத்தம் புதியதாகவோ, முழுதும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரப்பட்டதாகவோ இருக்க வேண்டும். புதியதை முதன்முதலாக இயக்கும் வேளையே ஏற்ற வேளை. கடைக்காரர் அவசர அவசரமாகத் திறந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளாமல், "தம்பி, திறக்க வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

ஆ. இரண்டிலும் ஒரே தொலைபேசி எண்ணையே வாட்ஸ்அப்பில் பயன்படுத்த வேண்டும்.

இ. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்; மின்சாரத்தில் செருகியிருக்க வேண்டும். படங்கள் மிகுதியாக இருந்தால் நேரம் பிடிக்கும். ஆகவே கடை அடைத்த பின் இரவில் செய்வதே சௌகரியம்.

ஈ. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கு 6 இலக்க ரகசிய எண் வைத்திருந்தால், அதை முன்கூட்டியே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதை மறந்தவர், மின்னஞ்சலும் பதிந்து வைக்காதவராயின், 7 நாள் காத்திருக்க நேரும்.

இவ்வாறு கொண்டுபோன பின்னும் பழைய கைப்பேசியில் உள்ளவை அப்படியே இருக்கும். நாம் அழித்தாலொழிய அவை அழியா. கல்லாவிலுள்ள கணினியில் வாட்ஸ்அப் இணைத்திருப்போர் அதைப் புதிய கைப்பேசியோடு மறுபடி இணைக்க வேண்டிவரும்.

4. வரவே வராத சரக்கு

மூன்றாவது வகை, எவ்வளவு முயன்றாலும் கூட வராதது. இதில் முதலாவது பாங்கிச் செயலியின் அங்கீகாரம். கைப்பேசியில் உள்ள பாங்கிச் சாவி அந்தக் கைப்பேசிக்கு மட்டுமே உரியது. புதியதில் முதலிலிருந்து பதிய வேண்டும். பதிந்த உடனே பணம் அனுப்பவும் இயலாது. மோசடிகள் பெருகியதால் சிங்கப்பூரில் 2022 ஜனவரியில் நாணய வாரியமும் பாங்கிகள் சங்கமும் ஒரு விதியை அறிவித்தன. புதிய கைப்பேசியில் பாங்கிச் சாவி வேலை செய்யத் தொடங்குமுன் குறைந்தது 12 மணி நேரம் கடக்க வேண்டும் என்பதே அது. மலேசியாவிலும் அதே ஆண்டு பேங்க் நெகாரா இத்தகைய காத்திருப்பு நேரத்தையும், அங்கீகாரத்துக்கு ஒரே ஒரு சாதனம் என்ற கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது.

இதனை அறியாத வியாபாரி, மறுநாள் காலை மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்க, முதல் நாள் இரவு கைப்பேசியை மாற்றினால் என்ன ஆகும்? பணம் பாங்கியில் இருக்கும். ஆனால் சரக்கு லாரியிலிருந்து இறங்காது. கொள்முதல் நாளும், சம்பள நாளும், பெருநாள் வியாபாரக் காலமும் மாற்றத்துக்கு உகந்தவையல்ல. சிங்கப்பூரில் உள்ளோர் சிங்பாஸ் செயலியையும் புதியதில் மறுபடி அமைக்க வேண்டும்.

கடை முகப்பில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். சதுரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். டூயிட்நவ் ஆயினும், எஸ்.ஜி.கியூ.ஆர். ஆயினும், அந்த ஒட்டுச்சீட்டு வியாபாரியின் கணக்கோடு சேர்ந்ததேயன்றிக் கைப்பேசியோடு சேர்ந்ததன்று. வாடிக்கைக்காரர் எப்போதும்போல் பணம் கட்டலாம். பணம் வந்ததைத் தெரிவிக்கும் செயலியை மட்டும் புதியதில் பதிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, விலை கொடுத்து வாங்கிய செயலிகள். கூகுள் கடையில் ஒருமுறை வாங்கியது ஆப்பிள் கடையில் செல்லாது. மறுபடி வாங்க வேண்டும். மாதச் சந்தா கட்டி வருவதாயின், பழைய இடத்தில் நிறுத்தாத வரை அங்கே பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, ரசீது அச்சடிக்கும் சிறு இயந்திரம். ப்ளூடூத் வழி வேலை செய்யும் மலிவான இயந்திரங்களில் பல ஆண்ட்ராய்டுக்கு இசையுமே தவிர ஐபோனுக்கு இசையா. கணக்கு எழுதும் செயலிகளிலும் ஆண்ட்ராய்டுக்கென மட்டும் அமைந்தவை உண்டு. கைப்பேசி வாங்கும் முன்னரே இவற்றை விற்றவரிடம் கேட்டுத் தெளிவது அவசியம். கைப்பேசியின் விலையோடு இவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தால்தான் மாற்றத்தின் உண்மையான செலவு தெரியும்.

5. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு

மறுதிசையில் செல்வோருக்கும் இதே பாடம் பொருந்தும். வாட்ஸ்அப்பைக் கொண்டுபோகப் பெரும்பாலும் இரண்டு கைப்பேசிகளையும் கம்பியால் இணைத்து, புதியதை முதன்முதலாக அமைக்கும்போதே செய்ய வேண்டும். இன்னும் ஒன்று: ஐபோனில் உள்ள ஐமெசேஜை முதலில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் சிம்மை எடுத்துவிட்டால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் நமக்கு வராமல் போகக்கூடும். ஆர்டர் அனுப்பியவர் நாம் பதில் சொல்லவில்லை என்று எண்ணி அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

6. கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு

முதலாவது, மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே சிட்டை எழுதுங்கள். கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலியின் பெயர், அது எந்த எண்ணில் அல்லது மின்னஞ்சலில் பதிவானது, மூவகையில் எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். ரகசிய எண்களை அந்தச் சிட்டையில் எழுதலாகாது.

இரண்டாவது, பாக்கி வைத்திருப்போரின் உரையாடல்களை வாட்ஸ்அப்பிலுள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு தனித்தனியே மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். பாக்கித் தொகைகளைப் பேரேட்டில் மையால் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, புதியது சரியாக ஓடத் தொடங்கிய பின்னும் இரண்டு வாரம் பழையதை விற்காதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஒரு கொள்முதல், ஒரு வசூல், ஒரு சம்பளம் மூன்றும் புதிய கைப்பேசியில் நடந்து முடியட்டும்.

நான்காவது, விற்கும்போது ஆண்ட்ராய்டாயின் கூகுள் கணக்கையும், ஐபோனாயின் 'ஃபைண்ட் மை' என்னும் பூட்டையும் நீக்கிய பின்னரே அழியுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் அதைத் திறக்க முடியாமல் திரும்பி வருவார்.

அன்பர்களே! எந்தக் கைப்பேசி சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது இப்பாடத்தின் வேலையன்று. அது அவரவர் பணப்பையையும் பழக்கத்தையும் பொறுத்தது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஒரு கைப்பேசி தொலைந்தால் நம் பாக்கிக் கணக்கும் தொலையும் என்ற நிலையில் இருப்பவர், கைப்பேசியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஆபத்தின் விளிம்பிலேயே இருக்கிறார். கைப்பேசி திருட்டுப் போகலாம், தண்ணீரில் விழலாம். பேசுவதற்கும் அனுப்புவதற்கும் கைப்பேசி, கணக்குக்குப் பேரேடு. இந்த இரண்டையும் வேறு வேறாக வைத்திருப்பவருக்கு எந்த இயங்குதளத்துக்குப் போவதும் ஓர் இரவு வேலைதான்.