நாலு ஆப்ஷன் இல்லாத கேள்வி

சத்துவாச்சாரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். போன வாரம் உன் அம்மா போனில் பேசினாள். ஜுவாலஜி கிளாஸ் தலையில் ஏறவில்லை, மைக்ராஸ்கோப்பில் எல்லோருக்கும் தெரிவது உனக்கு மட்டும் தெரியவில்லை, பேசாமல் டிசி வாங்கிக்கொண்டு வந்து இன்னொரு வருஷம் நீட் எழுதட்டுமா என்று கேட்கிறாயாம். நீட் விஷயத்தை உன் அப்பாவோடு பேசி முடிவு செய்துகொள், நான் அதில் தலையிட மாட்டேன். மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால்தான் லெட்டர்.

மைக்ராஸ்கோப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிகிறது என்று உனக்கு யார் சொன்னது? முதல் வருஷத்தில் முக்கால்வாசிப் பேர் பக்கத்துப் பெண் வரைந்ததை எட்டிப் பார்த்துவிட்டு "தெரியுது மேம்" என்று சொல்கிறவர்கள்தான். லென்ஸில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிவது சொந்த இமைமயிர். அடுத்தது காற்றுக்குமிழி. கறுத்துத் தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாக இருக்கும். அதைத்தான் பாதிப் பேர் செல் என்று வரைந்து கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். உண்மையான செல் அவ்வளவு அழகான வட்டமாக இருக்காது.

கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவிட்டு, மறு ஓரத்தை ஊசியால் தாங்கி மெல்லச் சாய்த்து இறக்கு. குமிழி குறையும். எடுத்த எடுப்பில் 40 லென்ஸுக்குப் போகாதே. 10-இல் ஆரம்பி. பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி லென்ஸை ஸ்லைடுக்கு வெகு அருகில் கொண்டுவந்து வை. அப்புறம் கண்ணை வைத்து, மெல்ல விலக்கிக்கொண்டே வா. ஓரிடத்தில் சட்டென்று தெளியும். அங்கிருந்து 40-க்கு மாறினால் சின்னத் திருகை மட்டும் தொடு. பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடு நொறுங்கும், அட்டெண்டர் அண்ணன் முறைப்பார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்காதே, இரண்டையும் திறந்தே வைத்துப் பழகு. முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். பிறகு மணிக்கணக்கில் பார்த்தாலும் தலை வலிக்காது. இது என் வேலைக்காலம் முழுக்கச் சோறு போட்ட பழக்கம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு வருஷம் உன்னைக் கோச்சிங்கில் உட்கார வைத்து உயிரியலில் 90 கேள்விக்குத் தயார் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு ஆப்ஷன், அதில் ஒன்று சரி, வட்டத்தை நிரப்பு. குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு பயிற்சிதான். ஆனால் லேப் மேஜையில் இருக்கும் ஸ்லைடு உனக்கு ஆப்ஷன் தராது. "என்ன தெரிகிறது, சொல்" என்று மட்டும்தான் கேட்கும். உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் கண் கோளாறு இல்லை பாப்பா. புத்தகத்தில் இருக்கும் படம் அங்கே வரும் என்று காத்திருக்கிறாய். அது வராது.

இந்த செமஸ்டரில் வெங்காய வேர்நுனி செய்வீர்கள். டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்து வேர் விட்டதும், நுனியை வெட்டி, ஆசிட்டில் சூடுகாட்டி, அசிட்டோகார்மைன் போட்டு, கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்பது. புத்தகத்தில் இன்டர்ஃபேஸ், புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் எல்லாம் ஒரே அளவுப் படமாக வரிசையாக நிற்கும். லென்ஸில் பார்த்தால் எங்கு திரும்பினாலும் இன்டர்ஃபேஸ்தான். நூறு செல்லைத் தாண்டித் தேடினால் குரோமோசோம் நடுவில் வரிசை கட்டி நிற்கிற ஒன்று, இரண்டு அகப்படும். அனாஃபேஸ் அதைவிட அரிது. உன் பக்கத்தில் இருக்கிற பெண் இதைப் பார்த்து "என் ஸ்லைடு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். நீ எண்ணு. ஒரு பார்வைப் பரப்பில் மொத்தம் எத்தனை செல், அதில் பிரிந்துகொண்டிருப்பது எத்தனை, எந்தக் கட்டத்தில் எத்தனை? செல் தன் காலத்தில் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறது, எந்தக் கட்டத்தை ஓட்டமாகக் கடக்கிறது என்பது அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. புத்தகத்துப் படத்தில் அது கிடையாது. மேம் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லியும் மண்டையில் ஏறாத செல் சைக்கிள், எண்ணி முடித்ததும் தானாக ஏறும்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சீனியர் ரெக்கார்டை வாங்கி வெள்ளைத்தாளில் பென்சிலால் அப்படியே இழைக்கிற வழக்கம் என் காலத்திலும் இருந்தது, உன் மகள் காலத்திலும் இருக்கும். அதை எதிர்த்துப் போராடு என்று நான் சொல்லப் போவதில்லை. எக்ஸ்டர்னல் வந்து புரட்டுகிற ரெக்கார்டு அழகாக இருக்கத்தான் வேண்டும், மேம் கேட்கிற மாதிரி வரைந்து கொடு. ஆனால் அப்சர்வேஷன் நோட் உன்னுடையது. அதில் பார்த்ததை மட்டும் வரை. கோணல் என்றால் கோணல். பாதி செல்தான் தெரிந்தது என்றால் பாதி செல். பக்கத்தில் தேதி, எந்த லென்ஸ், என்ன சாயம் என்று எழுது. அன்றைக்கே, மேஜையிலேயே எழுது. ஹாஸ்டலுக்குப் போய் ஞாபகத்திலிருந்து எழுதினால் கை தானாகப் புத்தகத்துப் படத்தைத்தான் வரையும்.

மாமா ஏன் இவ்வளவு அடித்துப் பேசுகிறார் என்று நினைப்பாய். நான் வேலை பார்த்தது டேனரித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தின் லேபில் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. தினமும் காலையில் ஏரேஷன் டேங்கிலிருந்து கலங்கல் தண்ணீர் ஒரு லிட்டர் மொண்டு வந்து, அளவுஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். சேறு எவ்வளவு கீழே இறங்கியது என்று குறிப்போம். அப்புறம் ஒரு சொட்டு ஸ்லைடில். மணி வடிவத் தலையும் நீளக் காம்புமாக வோர்ட்டிசெல்லா கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேஜையைத் தட்டினால் காம்பு சுருண்டு வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அது நிறைய இருந்தால் டேங்க் நலம். அது மறைந்து, சின்னச் சின்னச் சாட்டை உயிர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ கோளாறு. நூல் நூலாகப் பாக்டீரியா பின்னிக்கொண்டிருந்தால் சேறு இறங்காது. இவை எல்லாம் உன் முதல் வருஷ சிலபஸில் புரோட்டோசோவா பாடத்திலும் பாக்டீரியா பாடத்திலும் இருக்கிற உருப்படிகள். ஸ்பாட்டரில் பெயர் எழுதி இரண்டு மார்க் வாங்கி மறந்துபோகிறவை. நேற்று நன்றாக இருந்தது, இன்றைக்கும் இருக்கும் என்று பார்க்காமலே நோட்டில் எழுதினால், தண்ணீர் அப்படியே வெளியே போகும். போகிற இடம் பாலாறு.

ரியோ இலையை உப்புத்தண்ணீரில் போட்டுப் பார்க்கிற பிராக்டிகல் வரும். ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகிச் சுருங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆம்பூரை நினைத்துக்கொள். மாட்டையோ ஆட்டையோ உரித்த பச்சைத் தோல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். அதனால் உப்பை அள்ளிப் பூசி அடுக்குவார்கள், தோலின் எடையில் முப்பது, நாற்பது சதவீதம் வரை. உப்பு தோலின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாக்டீரியா வளர முடியாது. உன் ரியோ இலையில் நடக்கிறதேதான், சவ்வூடு பரவல். டேனரியில் முதல் வேலை அந்தத் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. கழுவின உப்பு எங்கே போகும்? எங்கள் டேங்கில் இருந்த உயிரிகள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. வெளியேறும் தண்ணீரில் அழுக்கின் அளவைக் காட்டும் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கொண்டுவந்துவிடலாம். கரைந்த உப்புக்கு விதி 2,100. அதற்கு உயிரியல் உதவாது, சவ்வு வைத்து வடிகட்டுகிற செலவான இயந்திரம் வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்த கதை முழுக்க அந்த ஒரு இலைக்குள் இருக்கிறது.

அந்தக் கதை கோர்ட் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது நம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு. மாசுபடுத்தியவர்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றுவரை நாடு முழுக்க எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று அதில் வரும். அது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. யாரோ ஒருவர் மண்ணையும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். வக்கீல்கள் பேசியது அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, இதுவும் நம் வேலூரில் நடந்தது. 1980-களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவியிடம், அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று ஆராயச் சொன்னார். அப்போது இந்தியாவில் அது இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். நிர்மலாவுக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனாலும் ரத்தம் சேகரித்து, சீரம் பிரித்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால், 1986-இல் அதை ஐஸ்பெட்டியில் வைத்துக் கணவரோடு இரவு ரயிலேறி காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். அங்கே இருந்த வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான் சோதனை வசதி வைத்திருந்தார். நடுவில் கரண்ட் போனது, டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சள். மஞ்சள் என்றால் கிருமி உண்டு. உடனே ஊருக்கு அறிவித்துவிடவில்லை. சென்னைக்குப் போய் அந்த ரத்தத்துக்கு உரிய ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் வேறு முறையில் சோதித்து உறுதியான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இருக்காது என்று நம்பிப் போன பெண், மஞ்சளை மஞ்சள் என்றே எழுதினார் பார், அதை நினைத்துக்கொள்.

வகுப்பு விஷயம் லேசானது. பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், திடீரென்று எல்லாம் இங்கிலீஷ், அவ்வளவுதான் உன் கஷ்டம். உன் பழைய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல், தாவரவியல் புத்தகங்களை அம்மாவிடம் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு எந்தப் பாடமோ அதை முந்தின நாள் ராத்திரி தமிழில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போ. வகுப்பில் திரையில் வருவதை எல்லாம் எழுதி மாளாதே, புரியாத இடத்தை மட்டும் குறி. சாயங்காலம் நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு பக்கம் எழுது. வராத இடம்தான் நீ படிக்க வேண்டிய இடம். சந்தேகத்தைத் தமிழிலேயே கேள், எந்த மேமும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் லேப் முடிந்து கூட்டம் கலைந்ததும் போய்க் கேள்.

நாலு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப் என்றால், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று உன்னை எழுத வைத்துவிட்டு மற்றவர்கள் ஸ்லைடு போடுவார்கள். அம்மாவைப் போலவே நீயும் வாய் திறக்க மாட்டாய். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே, முறை வைத்துச் செய்யுங்கள். அட்டெண்டர் அண்ணனிடம் மரியாதையாக இரு. எந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணாடி சரியில்லை, எந்தப் பாட்டிலில் சாயம் பழசு என்பதெல்லாம் துறைத்தலைவரைவிட அவருக்குத்தான் தெரியும். ஸ்பிரிட் விளக்குப் பக்கம் போகும்போது துப்பட்டாவைப் பின் குத்திக்கொள், முடியைக் கட்டிக்கொள். ஃபார்மலின் ஜாடியைத் திறந்தால் ஜன்னலையும் திற.

அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். லேப் கோட் இரண்டாக வாங்கு, ஒன்றைத் துவைக்கப் போட்டால் மாற்றுக்கு வேண்டும். பொங்கலுக்கு வரும்போது ரெக்கார்டு வேண்டாம், அப்சர்வேஷன் நோட்டை எடுத்து வா. வெங்காய வேரில் எத்தனைக்கு எத்தனை வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா