நாற்பதுக்கு மேல் ஒரு பெரிய இலக்கு: எதில் இறங்கலாம்?

"ஃபுல் மாரத்தான் ஓடட்டுமா, 200 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கட்டுமா, நேராக ஹாஃப் அயர்ன்மேனுக்கே போகட்டுமா?" நாற்பதைத் தொட்ட நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். பயிற்சி ஆறு மாதம் உங்கள் வீட்டில் குடியிருக்கும். அதனால் பயிற்சியை வைத்தே முடிவெடுங்கள் என்பேன்.

மாரத்தானுக்குச் செலவு குறைவு. நல்ல ஷூ இருந்தால் போதும். வாரத்தில் நான்கு நாள் ஓட வேண்டும். ஞாயிறு நெடுஓட்டம் மெல்ல மெல்ல 30 கிலோமீட்டர் வரை வளரும். சென்னைப் புழுக்கத்தில் அதற்கு விடிகாலை நான்கு மணிக்கே தெருவில் இருக்க வேண்டும். என் முதல் ஃபுல்லில் 31-வது கிலோமீட்டரில் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. உடல் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் தீர்ந்துபோகிறது. வழியில் சாப்பிடவும் பழக வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. இன்னொன்று: மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் குதிகாலிலும் முழங்காலிலும் வலி வருகிறது. ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியாதவர்கள் முதலில் 10, பிறகு 21.1 என்று ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடுதலா, முழங்கால் முணுமுணுக்கிறதா? சைக்கிள் நல்லது, உடல் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்ளும். 'ப்ரெவே' எனப்படும் நெடும்பயணத்தில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். டீக்கடையும் பஞ்சரும் அதற்குள் அடக்கம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இதில் உள்ள படிக்கட்டுதான். ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்' ஆகலாம். அதற்கு மேலே, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இருக்கிறது: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம், அடுத்தது 2027-இல். ஆனால் சைக்கிளுக்குப் பணம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும், நெடுஞ்சாலையில் லாரிகளோடு போக வேண்டும். விளக்கும் ஒளிரும் மேலங்கியும் இல்லாமல் கிளம்பாதீர்கள். டியூப் மாற்றக் கைப்பழக்கம் வேண்டும்.

ஹாஃப் அயர்ன்மேன்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். பலர் தடுக்கி விழுவது நீச்சலில்தான். ஊர்க் கிணற்றில் நீந்தியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய சொத்து. ஆனால் தலையைத் தூக்கியே நீந்தினால் கழுத்து சீக்கிரம் சோர்ந்துவிடும். முகத்தை நீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்சிழுக்கப் பயிற்சியாளரிடம் பழகுங்கள். கடலில் தனியாக இறங்கவே கூடாது. வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் தேவைப்படும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இப்போதைக்கு வேண்டாம்.

எதுவானாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு ஞாயிறு ஒதுக்குங்கள். இரண்டில் மெதுவாக ஓடுங்கள். மற்ற இரண்டில் இரவல் சைக்கிளில் மூன்று மணி நேரம் போய்வாருங்கள். திங்கட்கிழமை எங்கே வலிக்கிறது, வீட்டில் என்ன சொன்னார்கள், இரண்டையும் குறித்துவையுங்கள்.