மனச்சாட்சியில் விழும் காயம்

நம் குடும்பங்களில் தாதியர் உண்டு, வைத்தியர் உண்டு, அம்புலன்ஸ் சாரதியரும் கிராம அலுவலரும் உண்டு. நெருக்கடி வரும்போது மக்கள் முன் முதலில் நிற்பவர்கள் இவர்களே. இவர்களுள் ஒருவர் கடமை முடிந்து வந்து, நன்றாக உறங்கி எழுந்த பின்னும் பேச்சற்று இருந்தால், “களைப்புத்தான், இரண்டு நாள் லீவு எடுத்தால் சரியாகிவிடும்” என்கிறோம். எல்லா வேளையிலும் அது களைப்பல்ல. ஓய்வினால் ஆறாத காயம் ஒன்றும் உண்டு. அதனை அறிந்துகொள்வதும் தடுப்பதும் எவ்வாறு என்பதே இவ்வாரப் பாடம்.

காயம் எது?

சரியென்று தாம் உறுதியாக நம்புவதற்கு மாறாக ஒன்றைச் செய்ய நேரும்போதும், செய்யவேண்டியதைச் செய்ய முடியாமற் போகும்போதும், துணைநிற்க வேண்டிய மேலிடம் கைவிடும்போதும் மனச்சாட்சி புண்படுகிறது. இதனை அறக்காயம் எனலாம்.

1984இல் அன்ட்ரூ ஜேம்ற்றன் என்னும் அமெரிக்க மெய்யியலார், தாதியரின் இத்தகைய வேதனையை விளக்கினார். நோயாளிக்கு எது நன்மை என்று தாதிக்குத் தெரியும். ஆனால், நிறுவனத்தின் தடைகள் அதைச் செய்ய விடுவதில்லை. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரருக்குச் சிகிச்சை அளித்த யோனதன் ஷே என்ற மனநோய் வைத்தியர், தலைமையில் இருந்தோர் நியாயம் தவறியமை வீரரின் உள்ளத்தை எவ்வளவு சிதைத்தது என்பதை 1994இல் வெளிவந்த தமது நூலிற் காட்டினார். 2009இல் பிறெற் லிற்ஸ் முதலிய ஆய்வாளர், தாமே செய்தவை, தடுக்கத் தவறியவை, கண்முன்னே கண்டவை ஆகிய மூன்றும் இக்காயத்தை உண்டாக்கலாம் என்றனர்.

இரு நாடுகளில் நடந்தவை

2020 மார்ச் மாதம் வட இத்தாலியில் கொவிட் நோயாளர் பெருகினர். தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதவில்லை. அந்நாட்டின் மயக்கமருந்து, தீவிர சிகிச்சை வைத்தியர் சங்கம், பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தோருக்கு முதலிடம் கொடுக்க நேரலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உறவினர் அருகில் வர முடியாத நிலையில் பலர் உயிர்விட்டனர்.

நம் நாட்டிலும் 2022இல் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகள் அருகின. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. கையில் திறமை இருந்தது, மருந்து இருக்கவில்லை. “வெளியே வாங்கி வாருங்கள்” என்று ஏழை நோயாளியிடம் சொல்லவேண்டிய தாதியின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்? மருந்தில்லாமைக்கு அவள் காரணமல்ல. ஆனாலும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்தே வந்தது.

அடையாளங்கள்

அச்சத்தால் அதிர்ந்தவர் மீண்டும் ஆபத்து வருமோ என்று நடுங்குவார். களைத்தவர் ஓய்வால் தேறுவார். அறக்காயம் பட்டவரோ வெட்கப்படுவார், தம்மையே குற்றஞ்சாட்டுவார், மேலதிகாரி மீது அடங்காத கோபம் கொள்வார், ஒன்றிலும் நம்பிக்கையின்றி ஒதுங்குவார். இது தனியொரு நோயன்று. எனினும், கவனியாது விட்டால் மனச்சோர்வுக்கும், சிலரிடத்தில் உயிரை மாய்க்கும் எண்ணத்துக்கும் இட்டுச்செல்லலாம்.

குற்றம் வேறு, காயம் வேறு

இயலாததைச் செய்ய எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது உரோமைச் சட்டத்தின் பழைய விதி. ஒழுக்க இறையியலும் அதனை ஏற்றுக்கொண்டது. மருந்தில்லாமல் ஒருவர் இறந்தால், இருந்ததைக்கொண்டு இயன்றதைச் செய்த தாதியிடம் பாவமில்லை. ஆயினும், “உன்மேற் பிழையில்லை” என்று அவசரமாகச் சொல்லி வாயடைப்பதும் சரியன்று. அவள் மனச்சாட்சி நோவது அது உயிரோடிருப்பதாலேயே. முதலில் முழுவதையும் கேட்கவேண்டும், பிறகே தீர்ப்பு.

தடுக்கும் வழி

“மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று ஊழியருக்குப் போதிப்பது மட்டும் தடுப்பாகாது. பெரும்பொறுப்பு தலைமையில் இருப்போருடையது.

முதலாவது, வரப்போகும் கஷ்டத்தை மழுப்பாமல் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இரண்டாவது, யாருக்கு முதலிடம் என்பது போன்ற கடினமான முடிவுகளைக் கட்டிலருகே நிற்கும் ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்தலாகாது. பலர் கூடி, எழுதிய விதிப்படி முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவது, குறையைச் சொல்பவரைத் தண்டியாது, சொன்ன குறையைத் திருத்தவேண்டும். உண்மையாகவே தவறு நடந்திருந்தால், பொறுப்பானவர் அதனை ஏற்கவேண்டும். மூடிமறைத்த தவறு கீழே உள்ளவரின் மனத்திலேயே புண்ணாகிறது.

நான்காவது, பேச இடம் தரவேண்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றில் 1997இல் தொடங்கிய ‘சுவாட்ஸ் சுற்று’ என்னும் கூட்டத்தில், வைத்தியர் முதல் சிற்றூழியர் வரை ஒன்றாயிருந்து, தம் வேலை தம் உள்ளத்தை எப்படித் தொட்டது என்று பேசுவர். அங்கே குற்றம் விசாரிப்பதில்லை. அம்முறை வேறு நாடுகளுக்கும் பரவியது.

வீட்டார் கடமை

வாசகரே, மேலிடத்தை மாற்ற உங்களால் இயலாதிருக்கலாம். வீட்டை மாற்ற இயலும். “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று வினவாதீர்கள். “இன்றைக்கு எது உனக்குப் பாரமாக இருந்தது?” என்று கேளுங்கள். இடைமறிக்காமல் கேளுங்கள், கேட்டதை ஊருக்குச் சொல்லாதீர்கள். உறக்கமின்மையோ, குடியோ, சாவைப் பற்றிய பேச்சோ தென்பட்டால் தாமதியாது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். நோயாளியாக நாம் செல்லும்போதும், மருந்தில்லை என்று சொல்லும் தாதியை ஏசாதிருப்போம். அக்குறையை முறையிடவேண்டிய இடம் வேறு. அங்கே உரத்து முறையிடுவோம்.

சிந்தனைக்கு

1. நம் வீட்டில் கடமைக்குப் போய் வருபவர், அன்றைய பாரத்தை இறக்கிவைக்க யாரை நம்புகிறார்?

2. நம் கீழ் வேலை செய்பவரிடம், அவர் மனச்சாட்சி ஒப்பாத ஒன்றை நாம் கேட்கிறோமா?