லா பாஸ் செல்வோருக்கு எட்டாம் வகுப்பின் வழிகாட்டி

எட்டாம் வகுப்பில் காலநிலைப் பாடத்தைத் தொடங்கிய அன்று, "நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இடங்கள் வெப்பமானவை" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டேன். உயரத்தைப் பற்றி அடுத்த வகுப்பில் பேசிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஒரு மாணவி நிலவரைபட ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "டீச்சர், சென்னை 13 டிகிரி வடக்கு. பொலிவியாவில் லா பாஸ் 16 டிகிரி தெற்கு. அப்போ ரெண்டு ஊரும் ஒரே மாதிரிதானே சுடணும்?"

பதிலாக, கைப்பேசியில் இருந்த லா பாஸ் தெருப் படம் ஒன்றைக் காட்டினேன். கம்பளிச் சால்வை, அடுக்கடுக்கான அகலப் பாவாடை, தலையில் சிறிய வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னலுடன் ஒரு பெண்மணி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். பள்ளிக்கு வந்த அவன் பாட்டியின் சேலைக்கட்டைப் பார்த்து இதே பிள்ளைகள் சிரித்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அன்று நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

இந்த முறை அப்படி விட மனமில்லை. பாடத்தைத் தள்ளிவைத்து, அந்த நகரத்துக்குப் போகிறவருக்கு ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றேன். ஐந்து பாடவேளைகள் ஆயின. பாடத்திட்டம் பின்தங்கியது உண்மைதான். எனினும் காலநிலை, வளிமண்டல அழுத்தம், பண்பாடு மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிட்டன.

வழிகாட்டியின் முதல் குறிப்பு: 'முதல் நாள் மெதுவாக நடக்கவும்.' லா பாஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானம் இறங்குவது அதற்கும் மேலே, எல் ஆல்ட்டோவில், 4,000 மீட்டருக்கு மேல். ஊட்டியே 2,240 மீட்டர்தான் என்றதும் பிள்ளைகளுக்கு அளவு பிடிபட்டது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைகிறது என்று பலரும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். விகிதம் அதே 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனே கிடைக்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். ஓய்வு, நிறையத் தண்ணீர், அரைவயிற்று உணவு என்று எழுதினோம். தண்ணீர் அங்கே 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும் என்றபோது, "கொதிச்சாலும் கிழங்கு சீக்கிரம் வேகாதா டீச்சர்?" என்று கேட்டார்கள். பிரஷர் குக்கர் ஏன் உதவுகிறது என்பதை அங்கேயே விளக்க முடிந்தது. மலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பதைப் பற்றிச் சொன்னவன் அந்தக் கடைசி வரிசைப் பையன். அதைப் பற்றி அவனை விட அதிகம் தெரிந்தவர் வகுப்பில் யாரும் இல்லை, நான் உட்பட.

ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்று கணக்குப் போட்டால் 23 டிகிரிக்கு மேல் குறைய வேண்டும். ஆனால் அந்தப் பீடபூமி பகலில் வெயில் வாங்கிச் சூடேறுவதால் உண்மையில் அவ்வளவு குறைவதில்லை. பகலில் வெயில் உறைக்கும், இருட்டியதும் நடுக்கும். ஆகவே தொப்பியும் கம்பளியும் ஒரே பையில் இருக்கட்டும். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம்.

நகரம் ஒரு பெரிய கிண்ணம் போன்றது. வசதி படைத்தோர் தாழ்வான தெற்குப் பகுதியிலும், எளியோர் சரிவுகளிலும் விளிம்பிலும் வாழ்கிறார்கள். கீழே போகப் போகக் குளிரும் மூச்சிரைப்பும் குறைவு என்பதை மாணவர்களே ஊகித்துச் சொன்னார்கள். விளிம்பையும் அடிப்பகுதியையும் 2014 முதல் கம்பிவடத் தொங்கூர்திகள் இணைக்கின்றன. சுற்றுலாவுக்கு மட்டும் என நினைத்துவிடக் கூடாது. நம் ஊர் டவுன் பஸ் போல வேலைக்கும் படிப்புக்கும் மக்கள் அதில்தான் போகிறார்கள்.

கீழே சாலைச் சந்திப்புகளில் வரிக்குதிரை வேடமணிந்த இளைஞர்கள் 2001 முதல் நின்று, ஆடிப்பாடிப் போக்குவரத்து ஒழுங்கைக் கற்பிக்கிறார்கள். எங்கள் பள்ளி வாசலுக்கும் இரண்டு வரிக்குதிரைகள் வேண்டும் என்று கோரிக்கை வந்தது. பரிசீலனையில் உள்ளது.

காலையில் 'சால்தேன்யா' உண்ண வேண்டும். உள்ளே குழம்புடன் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், நிமிர்த்திப் பிடித்து மேலே கடிக்காவிட்டால் சட்டை பாழ். கோகா இலைத் தேநீர் அங்கே சட்டப்படி கிடைக்கும். அந்த இலையை ஊருக்கு எடுத்து வரக் கூடாது, பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். சந்தையில் வாடிக்கையாளருக்குக் கூடுதலாகப் போடும் ஒரு கைப்பிடியின் பெயர் 'யாப்பா'. "கொசுறு!" என்று வகுப்பே கத்தியது.

முரில்யோ சதுக்கத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரம் 2014 முதல் இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்த்திசையில் சுற்றுகிறது. தென்கோளத்தில் நிழற்கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும் என்பது அதற்குச் சொன்ன காரணம். குச்சி நட்டு இதைச் சோதிக்க விரும்பும் ஆசிரியர்கள் டிசம்பர், ஜனவரியில் செய்யுங்கள். நான் ஜூலையில் செய்து மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், நம் முற்றத்து நிழலும் லா பாஸ் கடிகாரம் போலவே சுற்றிவிட்டது.

அங்குள்ள அய்மாரா மொழியில் கடந்த காலம் கண்முன் இருப்பது, எதிர்காலம் முதுகுக்குப் பின்னால் இருப்பது. முதியவர்கள் பழங்கதை பேசும்போது கையை முன்னோக்கி நீட்டுவார்கள். விசித்திரம் என்றார்கள் பிள்ளைகள். "முன்னோர் யார்? பின்னாளில் என்றால் எப்போது?" என்று கேட்டேன். சற்று நேரம் வகுப்பில் ஓசையில்லை.

கடைசியாகத்தான் அந்தப் படத்துக்குத் திரும்பினோம். அந்த அகலப் பாவாடையின் பெயர் 'பொல்யேரா'. ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் வந்தது. அதை உடுத்திய பழங்குடிப் பெண்களை 'சோலா' என்று இழிவாக அழைத்தார்கள். உணவகங்களிலும் டாக்சிகளிலும் ஏற்ற மறுத்தார்கள். இன்று 'சோலிட்டா' என்பதை அவர்களே பெருமையுடன் சொல்கிறார்கள். 2019 ஜனவரியில் அந்தப் பாவாடையுடனேயே சோலிட்டா பெண்கள் தென் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான 6,961 மீட்டர் அக்கோன்காகுவாவின் உச்சியை அடைந்தார்கள். அவர்கள் ஏறும் படத்தைக் காட்டினேன். முதல் நாள் உரக்கச் சிரித்தவனே, பனியில் பாவாடை தடுக்காதா என்று அக்கறையாகக் கேட்டான்.

இருபத்திரண்டு குறிப்புகளில் கடைசியைக் கடைசி வரிசைக்காரன் எழுதினான்: 'படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேட்கவும். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைக்கவும்.' பேசி முடித்ததும் வகுப்பில் ஒருத்தி அவனிடம், உங்கள் ஊருக்கு வருவதென்றால் என்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டாள். அவன் இப்போது தன் கிராமத்துக்கான வழிகாட்டியை எழுதிக்கொண்டிருக்கிறான். பாட்டியைக் கேட்டுக் கேட்டு எழுதுவதால் நான்கு பக்கம் ஆகியும் முடியவில்லை.