வானேறுவார்க்கு வலியறிதல்

வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்போர், செம்பருந்து சிறகசைக்காமலே வட்டமிட்டு உயர்வதைக் கண்டிருப்பர். அதனைத் தாங்குவது மேலெழும் காற்று. இயந்திரமில்லா விமானமாகிய கிளைடரும் இவ்வாறே பறக்கின்றது. இழுத்து உயர்த்தப்பட்டு விடுவிக்கப்பட்டபின், வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றைத் தேடி, அதனுள் வட்டமிட்டு அது மேலேறும்.

அயல்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் இக்கலையைப் பயின்று, தனியே பறக்கும் தகுதி பெற்றார். "சொந்தமாக ஒரு கிளைடர் வாங்க எண்ணுகின்றேன், எத்தகையதை வாங்கலாம், ஐயா?" என எனக்கு எழுதினார். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவோ இஃது என முதலில் நகைத்தேன். பின்னர் இதுபற்றிக் கற்கக் கற்க, திருக்குறளின் வலியறிதல் அதிகாரமே இதற்கு விடையாதல் கண்டேன். அங்கே சீர்தூக்க வேண்டியன நான்கு.

முதலாவது வினைவலி. கிளைடர் ஒன்றின் ஆற்றலை, இறங்கும் உயரத்துக்கும் செல்லும் தூரத்துக்கும் உள்ள விகிதத்தால் அளப்பர். 1957இல் முதன்முதற் பறந்த ஜெர்மானியக் கா-8 வகைக்கு அது 27. 1980இல் வந்த எல்.எஸ்.-4 வகைக்கு ஏறத்தாழ 40. கொழும்புக் கோட்டையின்மேல் 1 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்டால், காற்றசையா வேளையில் முன்னையது பாணந்துறையையும் பின்னையது களுத்துறையையும் அணுகும். புதியவர் பெரிய எண்ணையே விரும்புவர். ஆயின் தொடக்கத்தில் அவர் செய்யப்போவது, பெரும்பாலும் நிலையத்தைச் சுற்றிப் பறந்து திரும்புதலே. அவ்வினைக்கு 27 போதும்.

இரண்டாவது தன்வலி. உள்ளிழுக்கும் சில்லும் சிறகின் மடிப்புத்தகடும் உடைய கிளைடர், இறங்கும் வேளையில் நினைவிற்கொள்ள வேண்டியவற்றைப் பெருக்கும். நிலைத்த சில்லும், எளிதில் இயங்கும் தடுப்புப் பலகைகளும், மெதுவாக இறங்கும் இயல்பும் உடையதே புதியவர்க்கு ஏற்றது. உடல்நிறையும் கருதத்தக்கது. மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றின் வண்டியச்சு முறியும் என்னும் கருத்து அவ்வதிகாரத்திலேயே உண்டு. கிளைடரில் மிகைபோலக் குறையும் தீதாம். ஓட்டுநர் முன்புறத்தில் அமர்வதால், குறித்த அளவினும் மெலிந்தவர் ஏறின் பாரமையம் பின்செல்லும். சுழன்று வீழுங்கால் மீட்டல் அரிதாகும். அத்தகையோர் ஈயக்கட்டி வைத்து நிறையைச் சரிசெய்தல் வேண்டும்.

மூன்றாவது மாற்றான்வலி. இங்கு மாற்றான் இருவர். ஒருவர், இடைவழியிற் கைவிடும் காற்று. அப்போது வயலொன்றில் இறங்க நேரும். மற்றவர், கண்ணுக்குத் தோன்றாத பழுது. பிளானிக் எல்-13 என்னும் செக்கோஸ்லோவாக்கிய கிளைடர், ஈராயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டு உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்பட்டது. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் சிறகு, உலோகக் களைப்பினாற் பறக்கும்போதே முறிந்து இருவர் மாண்டனர். அதன்பின் அவ்வகை பல நாடுகளிற் பறப்பு நிறுத்தப்பட்டது. ஆகவே, பறந்த மணிக்கணக்கும் பழுதுபார்த்த பதிவும் முழுமையாக இல்லாததை, விலை மலிவெனினும் வாங்கலாகாது. மரத்தாலாயதெனின், ஈரத்தாற் பசை விட்டதோ எனத் தகுதியுடையவரைக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

நான்காவது துணைவலி. இந்திய சிவில் விமானத்துறை உருவாக்கிய கிளைடர்கள் இதற்குச் சான்று. 1958இல் அசுவினி, 1961இல் உரோகிணி, 1963இல் கார்த்திக் என அவை பறந்தன. நட்சத்திரப் பெயர் கொண்ட இவற்றுள் முதலிரண்டும் இருவர் அமர்வன. உரோகிணியில் ஆசிரியரும் மாணாக்கரும் அருகருகே அமர்வர். கார்த்திக்கோ ஒருவர்க்கே உரியது. துணையோடு பயின்ற பின்னரே தனிமை என்னும் முறையை இவை உணர்த்தும். வாங்கிய பின்னரும் துணை வேண்டும். ஏற்றிச்செல்லும் இழுவை வண்டி, பரசூட், காப்புறுதி, ஆண்டுதோறும் பரிசோதனை ஆகியவற்றின் செலவு, விலைக்குப் புறம்பானது. இருவர் மூவர் கூடி வாங்கின் சுமை குறையும். சிறகு பூட்டக் கையும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் எழுதி, "உம் ஆசிரியர் உம்மை எதிற் பறக்கவிட இசைவாரோ, அதனையே வாங்குக" என முடித்தேன். நண்பர் இருவரோடு பழைய கா-8 ஒன்றை வாங்கியதாக அவர் மறுமொழி எழுதினார். கனவு கண்டது வேறொன்றெனினும், ஒவ்வொரு முறையும் நலமே இறங்குகின்றேன் என்றும் குறித்திருந்தார். ஆசிரியனுக்கு அதனினும் இனிய செய்தி யாது?